மூட்டை பார்த்த குற்றாலம்

திண்டிவனம்
ஈசுவர வருஷம் ஆவணி மாதம் 9-ந் தேதி, புதன்கிழமை

மயிலம் முருகன் துணை

வல்லத்தில் இருக்கும் என் அண்ணா மாசிலாமணி அவர்கள் பாதங்களில் தங்கை செண்பகம் விழுந்து எழுந்து எழுதிக்கொள்வது. இங்கே மாடு, கன்று, கிணறு, இவர் எல்லாம் முருகன் கிருபையால் சௌக்கியம். நான் சௌக்கியமா இல்லையா என்பதை இந்தக் கடுதாசியைப் படித்துவிட்டு நீங்களே தீர்மானம் செய்துகொள்ளுங்கள். உங்கள் முழங்கால் வலியும் அண்ணியின் இருமலும் இப்போது எப்படி என்று எழுதவும்.

முதலில் சாட்சிகளை எழுதிவிடுகிறேன். ஆடி மாதம் மூன்றாவது திங்கட்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, ராகு காலம் கழிந்து, நீங்கள் குறித்துக் கொடுத்த நல்ல நேரத்தில் எங்கள் வாசலில் இருந்தவர்கள்: நான். இவர் (பேரை எழுதுகிற வழக்கம் எனக்கு இல்லை, உங்களுக்குத் தெரியும்). பக்கத்து வீட்டு முத்துசாமி, வாயில் வேப்பங்குச்சியோடு. மல்லாட்டை (நீங்கள் வேர்க்கடலை என்பீர்கள்) வியாபாரி துரைக்கண்ணு, கையில் என் துணி மூட்டையோடு. சினைப் பசு ஒன்று. நாயும் ஒன்று வந்தது, ஆனால் மூட்டை தெருமுனை திரும்பிய பிறகுதான் வந்தது, ஆகையால் அதைச் சேர்க்கவில்லை.

இத்தனை பேர் பார்க்க அந்த மூட்டை தெற்கே விழுப்புரத்துக்குப் புறப்பட்டது. எதற்காகப் புறப்பட்டது என்பது உங்களுக்கே தெரியும். நீங்கள் எழுதியதுதான். நல்ல நேரத்தில் ஆள் கிளம்ப முடியாமல் போனால் ஆளுக்குப் பதிலாக அவருடைய துணி மூட்டையை அந்த நேரத்தில் அந்தத் திசையில் வேறு ஒரு வீட்டில் கொண்டுபோய் வைக்கலாம், அதற்குப் பரஸ்தானம் என்று பேர், மூட்டை புறப்பட்டால் ஆளே புறப்பட்ட கணக்கு, மூன்று நாளுக்குள் ஆள் போய் மூட்டையோடு சேர்ந்துகொண்டால் போதும், அதுவரை மூட்டை மட்டும் வீடு திரும்பக் கூடாது என்று விவரமாக எழுதியிருந்தீர்கள். எல்லோரும் அடுத்த தெருவில் வைப்பார்கள். நீங்கள் கடுதாசி ஓரத்தில், "ஊர் எல்லை தாண்டி வைத்தால் ரொம்பவும் விசேஷம்" என்று ஒரு வரி போட்டீர்கள். என்னைக் கெடுத்தது அந்த ஓரத்து வரிதான், அண்ணா. பெரியவர் என்பதால் இதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

குற்றாலம் போக வேண்டும் என்று ஆசை காட்டியது என் ஓரகத்தி அம்சா. கொழுந்தன் வேங்கடேசன் விழுப்புரத்தில் ரயில்வேயில் இருப்பதால் அவர்களுக்குப் பாஸ் உண்டு, நாங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு கூடப் போவதாக ஏற்பாடு. அவள் வந்து சொன்னபோது எனக்கு வேலையே ஓடவில்லை. "அக்கா, அங்க மலையிலேர்ந்து ஆறு அப்பிடியே தலை மேல விழுதாம். சாரல் அடிச்சுக்கினே இருக்குமாம். செண்பகாதேவி அருவின்னு ஒண்ணு, காட்டுக்குள்ள ரெண்டு மைல் ஏறிப் போவணுமாம். உன் பேரு, அக்கா!" என்றாள். கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் நான் பார்த்த ஆறெல்லாம் மணல். இந்தப் பக்கத்து ஆறுகளின் மேல் நாம் நடந்து போகிறோம், அங்கே ஆறு நம் மேல் நடந்து போகிறது என்றால், அதுவும் என் பேரில் ஒன்று நடக்கிறது என்றால், பார்க்க வேண்டும் என்று தோன்றாதா? மூட்டையில் நான் வைத்தது: மாம்பழ நிறத்தில் மடி கலையாத புதுச் சேலை ஒன்று, ரவிக்கை ஒன்று, மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் ஒரு புட்டி, சீயக்காய் ஒரு பொட்டலம், கஸ்தூரி மஞ்சள் நாலு கிழங்கு, வறுத்த மல்லாட்டை ஒரு படி.

பாஸ் புதன்கிழமையிலிருந்து. ஆகவே மூட்டை திங்கட்கிழமையே போய் அம்சா வீட்டில் உட்கார்ந்துகொண்டது, நாங்கள் புதன்கிழமை பகல் வண்டிக்குக் கிளம்பினோம். பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை ராகு காலம். வண்டி இரண்டேகாலுக்கு. ஒன்று முப்பத்தொன்றுக்கு நான் வலது காலை வைத்து வாசற்படி தாண்டுகிறேன், எதிரே முத்துசாமி நின்றுகொண்டு, "எங்க கெளம்பிட்டீங்க ரெண்டு பேரும்?" என்று கேட்டான். கிளம்புகிற ஆளை எங்கே என்று கேட்டால் போகிற காரியம் விளங்குமா, அண்ணா? திரும்பி உள்ளே போய் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தோம். "அவன் மனுசன். வாயிருக்கு, கேட்டான். இதுக்கு ஒரு பேஜாரா?" என்று இவர் முணுமுணுத்தார். நான் சன்னல் வழியாக முத்துசாமியைக் கூப்பிட்டு, இனி வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவைத்தேன். அவனும் நல்லவன், துண்டால் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டு நின்றான். இரண்டாம் தடவை படி இறங்கினோம். துண்டில் என்ன தூசி இருந்ததோ, ஒரே ஒரு தும்மல் போட்டான்.

"டேய் முத்துசாமி, ஒத்தைத் தும்மல்தாண்டா ஆவாது. ஜல்தி இன்னொண்ணு போடு, ரெட்டையாயிடும்" என்று இவர் கெஞ்சினார். முத்துசாமி மூக்கைத் தூக்கிச் சூரியனைப் பார்த்தான். வரவில்லை. இவர் தம் பொடிமட்டையைத் திறந்து நீட்டினார். ஒரு சிட்டிகை எடுத்து இழுத்தான். கண்ணில் தண்ணீர் வந்தது, இருமல் வந்தது, தும்மல் வரவில்லை. "வர்ற மாதிரி இருக்குண்ணே... இருங்க... போயிடுச்சிண்ணே" என்கிறான். இப்படி அரை மணி நேரம். மறுபடி உள்ளே போனோம், உட்கார்ந்தோம், தண்ணீர் குடித்தோம். மூன்றாவது தடவை நாங்கள் வெளியே வரும்போது, செய்த பாவத்துக்குப் பரிகாரமாக நிறைகுடத்தோடு எதிரே வந்து நல்ல சகுனம் காட்டலாம் என்று அந்தப் புண்ணியவான் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்கு ஓடுகிறான். கிணற்றுக்குப் போவதற்கு முன்னால் எங்களுக்கு எதிரே வந்துவிட்டான். வெறுங்குடம், அண்ணா! அப்போது ஸ்டேஷன் பக்கமிருந்து வண்டி ஊதுகிற சத்தம் கேட்டது. இவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மாட்டுக்குத் தவிடு கலக்கப் போய்விட்டார்.

மறுநாள் வியாழக்கிழமை, தெற்கே சூலம், அடுப்பங்கரைக்குக்கூட நான் தெற்கே பார்த்துப் போகவில்லை. மத்தியானம் துரைக்கண்ணு வந்தான். "உங்க கொழுந்தனாரு குடும்பம் ராத்திரி வண்டிக்கே போயிட்டாங்கம்மா. நீங்க வர்றீங்க வர்றீங்கன்னு கடைசி மட்டும் பாத்துக்கினு இருந்தாங்களாம்" என்றான். சரி, என் மூட்டை எங்கே என்று கேட்டேன். "அதுவும் போயிருச்சும்மா" என்றான்.

இதைக் கேட்டு இவர் சிரித்தார். இவர் சிரித்து நான் பார்த்தது அதற்கு முன் எப்போது என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை.

ஒரு வாரம் கழித்து அம்சா மூட்டையைக் கொண்டுவந்து கொடுத்தாள். அன்றைக்கு அவள் பேசியதை அப்படியே எழுதுகிறேன், என் வயிறு எப்படி இருந்திருக்கும் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். "மூட்டை திரும்பி வூட்டுக்கு வரக்கூடாதுன்னு நீதானே சொல்லியனுப்பினே அக்கா? வூடு பூட்டிக் கெடக்கும், அதுல தனியா எப்பிடி வுட்டுட்டுப் போறது? அதான் கையோட எடுத்துக்கினு போயிட்டேன். ரயில்ல சன்னலோரம் அதுக்குத்தான்" என்றாள். சன்னலோரம்! மதுரை, தென்காசி, மலை, மேகம், எல்லாம் அந்த மூட்டை பார்த்திருக்கிறது. அருவியைப் பற்றி ஆரம்பித்தாள் பாருங்கள், நிறுத்தவே இல்லை. "தண்ணி சும்மா முதுவுல குத்துது அக்கா, நாலு பேரு சேந்து புடிச்சு வுட்ட மாதிரி. வெளிய வந்தா தலையில பாரமே இல்ல. ஒரு பொம்பள என்னை வுட்டுடுங்கன்னு கத்துறா, ஆனா வெளிய வர மாட்டேங்குறா!" என்கிறாள். என் சேலையை ஏன் பிரித்தாய் என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "உன் பேரச் சொல்லித்தான் அக்கா அதைக் கட்டிக்கினு முழுகினேன்" என்றாள். எத்தனை முழுக்கு என்று கேட்டேன், எனக்கு எதற்கும் கணக்கு வேண்டும். மூன்று நாளில் மொத்தம் இருபத்திரண்டு என்றாள். அதில் என் பேரில் எத்தனை? மூன்று. தனக்குப் பத்தொன்பது, சேலை கொடுத்தவளுக்கு மூன்று. இந்த நியாயத்தை நீங்கள் எந்தச் சாஸ்திரத்தில் வேண்டுமானாலும் தேடிப் பாருங்கள்.

சரி, கேட்டாவது வைத்துக்கொள்ளலாம் என்று அருவி எந்தத் திசை பார்த்து விழுகிறது என்று கேட்டேன். "மேலேர்ந்து கீழ" என்றாள். தண்ணீர் சில்லென்று இருந்ததா, வெதுவெதுப்பா என்றால் முதலில் ஒன்று சொல்கிறாள், மோர் குடித்த பிறகு வேறொன்று சொல்கிறாள். இருபத்திரண்டு தடவை முழுகினவளுக்கு என்ன திமிர் பாருங்கள், தண்ணீரைக்கூட ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை! முகம் மட்டும் பளபளவென்று இருந்தது. கண் கொஞ்சம் கலங்கியிருந்தது, அது பெருமை.

அப்புறம் குரங்கு. "ஒரே இழுப்பு அக்கா, உன் மூட்டையப் புடுங்கிக்கினு மரத்து மேல ஏறிடுச்சு. மல்லாட்டைய ஒவ்வொண்ணா உரிச்சுத் தின்னுது. உன் ரவிக்கையத் தலையில போட்டுக்கினு எல்லாரையும் பாக்குது. அப்பிடியே மரத்துக்கு மரம் தாவி மலை மேல செண்பகாதேவி அருவி மட்டும் போயிருச்சு. உங்க கொழுந்தனாரு பின்னாடியே ஓடி, பாறை மேலேர்ந்து எடுத்தாந்தாரு" என்றாள். நான் எண்ணெய்ப் புட்டியைத் தூக்கிப் பார்த்தேன். பாதி காலி. ஆக என் சேலை குளித்தது, என் எண்ணெய் குளித்தது, என் ரவிக்கை என் பேருள்ள அருவிக்கு ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட்டது. திண்டிவனத்தில் உட்கார்ந்து தவிட்டுத் தண்ணி கலக்கினவள் நான் ஒருத்திதான். அந்த மூட்டையை இப்போது மூலையில் வைத்திருக்கிறேன். அதன் பக்கம் முகம் கொடுத்துப் படுப்பதில்லை. பெருக்கும்போது துடைப்பத்தால் ஒரு தட்டுத் தட்டினேன், வேண்டுமென்றுதான்.

இதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொள்வேன். இவர் செய்வதுதான் பொறுக்க முடியவில்லை. ஆவணி முடிவதற்குள் நாம் மட்டுமாவது போய்வரலாம் என்று கேட்டேன். "நீதான் போயிட்டு வந்துட்டியே" என்றார். எப்போது என்றேன். "மூட்டை பொறப்பட்டா ஆளு பொறப்பட்ட கணக்குன்னு சொன்னது யாரு? உங்க அண்ணன்தானே? பொறப்பட்டது கணக்குன்னா போனதும் கணக்கு, முழுகினதும் கணக்கு. மூணு முழுக்கு உன் பேருல இருக்கு. ஒரே சீசன்ல ரெண்டு தடவை யாரு போவாங்க?" என்கிறார். தெருவில் எல்லோரிடமும், "எங்க வூட்டுல குற்றாலம் போய் வந்துட்டாங்க" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். முத்துசாமி சன்னலில் வந்து நின்று, "அருவி எப்பிடி இருந்திச்சுண்ணி?" என்று உண்மையாகவே கேட்கிறான். நான் என்ன பதில் சொல்வது? மூட்டையைத்தான் கேட்க வேண்டும்.

கடைசியில் இவர் ஒரு வார்த்தை கொடுத்திருக்கிறார், அதற்காகத்தான் இந்தக் கடுதாசி. "உங்க அண்ணன் கையெழுத்துப் போட்டு, செண்பகம் போகலைன்னு ஒரு வரி எழுதட்டும். அடுத்த நாளே கூட்டிக்கினு போறேன். போன கணக்குதான்னு எழுதினா அதுக்கப்புறம் இந்த வூட்டுல அருவிங்கிற பேச்சே வரக்கூடாது" என்று முருகன் படத்துக்கு முன்னால் சொன்னார். நீங்கள் பஞ்சாங்கத்தை விட்டுக்கொடுக்க மாட்டீர்கள் என்ற தைரியம் அவருக்கு. போகவில்லை என்று எழுதினால் நீங்கள் சொன்ன பரஸ்தானம் பொய்யாகிறது. போனேன் என்று எழுதினால் உங்கள் தங்கை இந்த ஜன்மத்தில் மலையும் ஆறும் பார்க்காமல் கண்ணை மூடுவாள். எது பெரிது என்று ஆற அமர யோசித்து எழுதுங்கள். எனக்குத் தெரிந்த வழி ஒன்று சொல்கிறேன்: மூட்டையைச் செண்பகாதேவி மட்டும் கொண்டுபோனது குரங்கு, ஆகவே அந்தப் பயணமும் அதன் பலனும் குரங்கின் கணக்கில்தான் சேரும், செண்பகத்தின் கணக்கில் சேராது என்று எழுதலாம். இதில் பஞ்சாங்கத்துக்கும் பங்கமில்லை, எனக்கும் ரயில் உண்டு. சீசன் இன்னும் இரண்டு மூன்று வாரந்தான் என்கிறார்கள்.

அம்சாவோடு நான் பேசுவதில்லை என்று வைத்துவிட்டேன். போன வெள்ளிக்கிழமை அவள் வந்தபோது குங்குமம் கொடுத்தேன், சிரிக்கவில்லை. இனி அவள் வாசற்படி மிதிப்பதாக எண்ணமும் இல்லை.

அண்ணிக்கு என் நமஸ்காரம். இருமலுக்கு ஆடாதொடை கஷாயம் மூன்று வேளையும் கொடுக்கவும், அண்ணி ஒரு வேளையோடு நிறுத்திவிடுவார்கள். உங்கள் வீட்டில் விளக்கும் உலையும் குறையாமல் இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை,
இன்னும் எங்கும் போகாத
செண்பகம்

பின்குறிப்பு. இதற்குக் கீழே அண்ணி மட்டும் படிக்க வேண்டியது. அண்ணா, தாளை இங்கேயே மடித்துக் கொடுத்துவிடுங்கள்.

அண்ணி, கடுதாசியை ஒட்டப் போகும்போது அம்சா வந்து நின்றாள். விழுப்புரத்திலிருந்து தனியாக வண்டி ஏறி வந்திருக்கிறாள். உள்ளே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ போன கணக்குன்னு மாமா சொல்லிட்டாராமே அக்கா? துரைக்கண்ணு வந்து சொன்னான். என்னால உன் பயணம் போச்சே" என்று அழுகிறாள். பிறகு சொன்னாள். தென்காசியில் வண்டியை விட்டு இறங்கின காலையிலேயே அவள் வீட்டுக்கு விலக்காம். கணக்குக்கு நாலு நாள் முன்னாடியே வந்துவிட்டதாம். மூன்று நாளும் சத்திரத்துப் பின்கட்டில் தனித் தட்டு, தனிப் பாய். அருவியும் இல்லை, கோயிலும் இல்லை. மாற்றுக்குத் துணி போதாமல்தான் என் மூட்டையைப் பிரித்து அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். நாலாம் நாள் ரயிலுக்கு நேரமாயிற்று என்று கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டு கிளம்பியிருக்கிறாள். "ராத்திரி பகலா சத்தம் மட்டும் கேட்டுக்கினே இருந்திச்சு அக்கா. சுவத்துக்கு அந்தாண்ட. முழுகிட்டு வர்ற பொம்பளைங்க ஈரத் தலையோட பேசிக்கினு போவாங்க, அதைக் கேட்டு வச்சுக்கினுதான் உங்கிட்ட சொன்னேன். அவ்ளோ தூரம் போயிட்டுப் பாக்கலைன்னு எப்பிடிச் சொல்றது?" என்றாள். குரங்கு மட்டும் நிஜமாம். ஆனால் அதுவும் சத்திரத்துக் கொல்லை மரத்தைத் தாண்டவில்லையாம்.

அவளோடு சேர்ந்து நானும் அழுதேன். உள்ளுக்குள் பாதி சந்தோஷமாகவும் இருந்தது அண்ணி, முருகன் மன்னிக்கட்டும். அப்புறம் இரண்டு பேருமாகக் கணக்குப் பார்த்தோம். மூன்று நாளும் வேளைக்கு ஒரு முழுக்காக வேங்கடேசன் மட்டும் அருவியில் நின்று, "அடடா, என்ன சுகம்" என்று சொல்லிக்கொண்டே வந்து சாப்பிட்டிருக்கிறான். இப்போது எங்கள் இரண்டு பேருக்கும் வயிறு எரிவது அவன் மேல்தான்.

ஆகையால் மேலே அம்சாவைப் பற்றி எழுதியிருப்பதை எல்லாம் அண்ணா மறந்துவிட வேண்டும். நாலு தாள் ஆகிவிட்டது, கிழிக்க மனம் வரவில்லை. அவள் இப்போது உள்ளே எனக்குக் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். நான் போனேனா போகவில்லையா என்ற தீர்ப்பும் வேண்டாம். அம்சாவும் நானும் தனியாகவே போவதாக இருக்கிறோம், ஆண்கள் வர வேண்டியதில்லை. இவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை, உலை இறங்கின பிறகு சொல்லுவேன். ஆவணிக்குள் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு நல்ல நாள் பார்த்துத் தரச் சொல்லுங்கள். நட்சத்திரம் பார்த்தால் மட்டும் போதாது, எங்கள் இருவருடைய மற்ற கணக்கும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அம்சாவுக்கு இந்த மாதம் இருபதுக்கு மேல் ஆகாது, எனக்குப் பதினாலுக்கு முன் ஆகாது. இதை அண்ணாவுக்கு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் பக்குவமாகச் சொல்லிக் கேட்டு, பதில் சீக்கிரம் போடுங்கள், அண்ணி.